நர்ஸ் ஊருக்குப் போன பிறகு...

பெட்டி கட்டியாகிவிட்டது. வாசலில் வேன் நிற்கிறது. மூன்று மாதமாகக் காய்ச்சல் பார்த்து, சிரங்குக்கு மருந்து தடவி, பால் புகட்டிய நர்ஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு குழந்தையையும் கட்டிப்பிடிக்கிறார். சின்னதாக ஒரு ஜெபம். ஒரு குரூப் போட்டோ. ‘சீக்கிரம் திரும்பி வருவேன்’ என்று ஒரு வாக்கு. குழந்தைகள் கையசைக்க, வேன் கிளம்பிவிடுகிறது.

குழந்தைகள் இல்லத்தில் குறுகிய கால மிஷனரி ஊழியம் முடிகிற நாள், எந்த நாட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நர்ஸ் ஊர் திரும்பி, சபையில் படங்களைக் காட்டிச் சாட்சி சொல்வார். கேட்பவர்கள் கலங்கிப்போவார்கள். அவர் கதை அங்கே தெரிந்துவிடும். வாசலில் கையசைத்த குழந்தையின் கதை?

அதற்கு ருமேனியாவுக்குப் போக வேண்டும்.

அழுகைச் சத்தமே இல்லாத இல்லம்

1966-ல் ருமேனியாவின் தலைவர் சௌசெஸ்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார். மக்கள்தொகை பெருக வேண்டும். அதனால் கருக்கலைப்புக்குத் தடை. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காது. வறுமையில் இருந்த குடும்பங்கள், வளர்க்க முடியாத பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டன. ‘நீங்கள் வளர்ப்பதைவிட அரசு நன்றாக வளர்க்கும்’ என்ற பிரசாரம் வேறு! 1989 டிசம்பரில் சௌசெஸ்கு கவிழ்ந்து, கிறிஸ்துமஸ் அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்த இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். ‘அநாதைகள்’ என்று உலகம் சொன்ன அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடுதான் இருந்தார்கள்.

1990-ல் வெளிநாட்டு டி.வி. கேமராக்கள் உள்ளே போயின. இரும்புக் கட்டில்கள், மொட்டையடித்த தலைகள், முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும் குழந்தைகள். பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா என்று பல நாடுகளிலிருந்து பால் பவுடர், மருந்து, துணிமணிகளோடு லாரிகள் கிளம்பின. அவற்றோடு சபைகள் அனுப்பிய நர்ஸ்களும் போனார்கள். சிலர் விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு வாரம், சிலர் ஆறு மாதம்.

அவர்கள் செய்தது சாதாரண வேலை இல்லை. சொறி, பேன், படுக்கைப்புண், சத்துக்குறைவு எல்லாவற்றோடும் போராடினார்கள். அதோடு எச்.ஐ.வி. வேறு. நோஞ்சான் குழந்தைகளுக்கு ‘தெம்பு வரட்டும்’ என்று கொஞ்சம் ரத்தம் ஏற்றுவது அங்கே அப்போது வழக்கம். அந்த ரத்தம் பரிசோதிக்கப்படவில்லை. ஊசிகளையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அப்படியே ஆயிரக்கணக்கான பிஞ்சுகளுக்குத் தொற்று பரவியது. அந்த நிலைமையில் ஊசியைக் கொதிக்கவைக்கச் சொல்லித்தர ஒரு நர்ஸ் போனாலே உயிர்கள் பிழைக்கும். குறுகிய கால ஊழியத்தை மொத்தமாகக் குறை சொல்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஆனால், அங்கே போனவர்களைத் திகைக்கவைத்தது அழுக்கோ நாற்றமோ மட்டுமல்ல, அமைதி. வரிசை வரிசையாகக் கைக்குழந்தைகள் படுத்திருக்கும் அறையில் அழுகைச் சத்தமே கேட்காது. அழுதால் யாராவது வருவார்கள் என்று தெரிந்த குழந்தைதானே அழும்?

கட்டிப்பிடிக்கும் கைகள்

கொஞ்சம் பெரிய குழந்தைகளோ வேறு மாதிரி. புதிதாக யார் வந்தாலும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வார்கள், மடியில் ஏறிக்கொள்வார்கள். ‘வந்த முதல் நாளே என்மேல் எவ்வளவு பாசம்!’ என்று நெகிழாத தொண்டர் இருக்க முடியாது.

அங்கேதான் தவறு நடக்கிறது. வீட்டில் வளரும் இரண்டு வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். புது ஆள் வந்தால் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளியும். ஒளிந்துகொள்ள ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அதன் பலம். யாரிடமும் தயங்காமல் தாவும் குழந்தைக்கு அப்படி ஒருவர் இல்லை. ருமேனிய இல்லங்களை ஆராய்ந்த நிபுணர்கள் இதைப் பாசமாகக் கருதவில்லை, பாதிப்பின் அடையாளமாகவே பார்த்தார்கள்.

அமெரிக்க ஆய்வாளர்கள் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா மூவரும் புகாரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, மீதிப் பேர் இல்லத்திலேயே இருக்க, இரு தரப்பையும் பல ஆண்டுகள் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு ஒட்டுவதிலும் தெளிவாக முன்னேறினார்கள். இல்லத்துக்குப் போகும்போது அந்த ஆய்வுக் குழுவினர் தங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தார்களாம்: குழந்தைகள் முன்னால் அழக் கூடாது. கிளம்பும் நாளில் கண்ணீர் வடிக்கும் நர்ஸ்கள் யோசிக்க வேண்டிய விதி.

ஜானும் கரடி பொம்மையும்

பிரிவு ஒரு குழந்தையை என்ன செய்யும் என்பதை அதற்கு வெகுகாலம் முன்பே ஒரு படம் காட்டிவிட்டது. பிரிட்டனின் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன் தம்பதி 1969-ல் எடுத்த ஆவணப்படம் அது. ஜானுக்கு 17 மாதம். அம்மா அடுத்த பிரசவத்துக்குப் போனதால், ஒன்பது நாள் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறான்.

அங்கே இருந்த நர்ஸ்கள் கொடுமைக்காரர்கள் இல்லை, அன்பானவர்கள்தான். ஆனால் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும். இந்த நர்ஸ் இந்தக் குழந்தைக்கு என்ற ஏற்பாடும் கிடையாது. ஜான் முதலில் ஒவ்வொரு நர்ஸிடமும் ஒட்டப் பார்க்கிறான். அதற்குள் வேறு பிள்ளை முந்திக்கொள்கிறது, அல்லது அந்த நர்ஸ் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். நாள் போகப் போக, ஒரு பெரிய கரடி பொம்மையின் மேல் சாய்ந்து படுத்துவிடுகிறான். சாப்பாடு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் அம்மா வந்து தூக்கும்போது, அவன் கத்தி, திமிறி, முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

வீடும் அம்மாவும் உள்ள குழந்தைக்கே ஒன்பது நாளில் இந்தக் கதி. மூன்று மாதத்துக்கு ஒரு புது நர்ஸ் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இல்லத்தில், ஒரு குழந்தை ஐந்து வயதுக்குள் எத்தனை முறை கையசைக்க வேண்டியிருக்கும்?

2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தைகள் உரிமைத் தீர்மானமே, இல்லங்களுக்குத் தொண்டு செய்யப்போகும் திட்டங்களால் விளையும் தீங்குகளைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

எப்படிக் கிளம்புவது?

அப்படியென்றால் நர்ஸ் போகவே கூடாதா? போகலாம். அங்கேயே இருக்கப்போகிறவர்களுக்காகப் போகலாம். குழந்தையை நாள் முழுக்க இடுப்பில் வைத்துக்கொள்ள ஆயம்மா இருக்கிறார். அவர் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொள்வதைவிட, வலிப்பு வந்தால் எப்படிப் படுக்கவைப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் எந்த அளவில், எந்தக் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுப்பது பலன் தரும். முதல் நாளிலேயே கிளம்பும் நாளை மனதில் வைத்துச் செய்யும் வேலை இது.

கிளம்பும்போது மிக முக்கியமானது ஒரு நோட்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் எடை, தடுப்பூசி, ஒத்துக்கொள்ளாத மருந்து, அடுத்த செக்கப் தேதி. கூடவே, ‘இவனுக்கு முதுகைத் தட்டினால்தான் தூக்கம் வரும்’ என்பது மாதிரியான விஷயங்களும். உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அழகாக எழுதி வைத்துவிட்டுப் போனால் யாருக்கு லாபம்?

விவரம் தெரிந்த பிள்ளைகளிடம் சில நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விடியற்காலையில் நழுவுவது பெரியவர்களுக்குத்தான் சௌகரியம். ‘திரும்பி வருவேன்’ என்ற வாக்கு, டிக்கெட் கையில் இல்லாவிட்டால் வேண்டாம். பிள்ளைகள் நாள் எண்ணுவார்கள்.

ருமேனியா பிறகு நிறைய மாறிவிட்டது. 2005 முதல் அமலுக்கு வந்த சட்டம், கடுமையான குறைபாடு உள்ளவர்களைத் தவிர, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதைத் தடை செய்தது. பழைய பெரிய இல்லங்கள் பலவும் மூடப்பட்டன.

அன்று எச்.ஐ.வி. தொற்றிய குழந்தைகளில் பலர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். கூட்டு மருந்துச் சிகிச்சை வந்த பிறகு, எஞ்சியவர்களில் ஆயிரக்கணக்கானோர் வளர்ந்துவிட்டார்கள். இப்போது முப்பது வயதைத் தாண்டி, வேலை, கல்யாணம், குடும்பம் என்று வாழ்கிறார்கள். தொற்று இல்லாத பிள்ளைகளைப் பெற்றெடுத்த அம்மாக்களும் அவர்களில் உண்டு. மருந்தை மட்டும் தினமும் விடாமல் சாப்பிட வேண்டும்.