முதலை விடப் பெரிய மூலதனம்

வியாபாரத்தில் முன்னேறப் பெரும் முதல் வேண்டும் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். முதலை விட வியாபாரியின் குணமே முக்கியம் என்பதற்கு பிலிப்பைன்ஸில் இரு நல்ல உதாரணங்கள் உள்ளன.

முதலாமவர் ஹென்றி சை. 1924இல் சீனாவில் பிறந்தவர். 12 வயதில் மணிலா வந்து, தந்தையின் சிறு பலசரக்குக் கடையில் வேலை செய்தார். உறங்கியதும் அதே கடையில்தான். இரண்டாம் உலகப் போரில் கடை அழிந்தது. தந்தை சீனா திரும்பினார். மகனோ தங்கியிருந்து சப்பாத்து வியாபாரத்தில் இறங்கினார். 1958இல் 'ஷூமார்ட்' கடையைத் திறந்தார். 1985இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்து, பலரும் முதலிடத் தயங்கிய வேளையில் தனது முதலாவது பெரும் வணிகத் தொகுதியைத் திறந்தார். 2019இல் மரணிக்கும்போது அவர் நாட்டின் முதல்நிலைச் செல்வந்தர். பொறுமையும் துணிவுமே அவரது முதல்.

மற்றவர் டோனி டான் காக்தியோங். 1975இல் ஐஸ்கிரீம் கடை ஆரம்பித்தார். வாடிக்கையாளர் சூடான உணவையே அதிகம் விரும்புவதைக் கண்டு வியாபாரத்தை மாற்றினார். 'ஜொலிபீ' உருவானது. 1981இல் மெக்டொனால்ட்ஸ் அங்கு வந்தபோதும், உள்ளூர்ச் சுவையறிந்த ஜொலிபீ பின்வாங்கவில்லை.

வியாபாரம் மந்தம் என்று கவலைப்படும் சகோதரர்களே! உங்கள் கடையில் இல்லாத எதைக் கேட்டு வாடிக்கையாளர் திரும்பிப் போகிறார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். அடுத்த கொள்வனவுக்கு அதுவே வழிகாட்டும். முயற்சி நம்முடையது, பரக்கத் அல்லாஹ்விடமிருந்து.