கைரேகை வழி அடையாளத் திருட்டு
ஒருவரின் பெயர், எண், கைரேகை போன்றவற்றை அவர் அறியாமல் பயன்படுத்திப் பணம் பறிப்பது அடையாளத் திருட்டு ஆகும். பாகூர் கொம்யூனிலுள்ள மணப்பட்டு போன்ற ஊர்களில் வங்கிக்குப் போகாமலே ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். இதற்கு ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை போதும், ஓடிபி வராது. 2023இல் பெங்களூருவில், பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்த ரேகைகளை நகலெடுத்துப் பணம் திருடியதாகப் புகார்கள் எழுந்தன. கடவுச்சொல்லைப் போலக் கைரேகையை மாற்ற முடியாது. ஆகவே ஆதார் ஆணைய இணையதளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்து, பணம் எடுக்கும்போது மட்டும் திறக்கலாம் (கைப்பேசி எண் ஆதாரில் பதிவாகாத முதியவர்களுக்கு இது தொல்லைதான்). நகல் கேட்டால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுக்கலாம். பணம் போனால் உடனே 1930ஐ அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் வேறு கணக்குகளுக்குப் போய்விடும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி இக்குற்றத்துக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.