முப்பது விநாடி ஆயுள்

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவுக்கு அருகே அலுவலகம் வைத்துக்கொண்டு ஜவ்வரிசி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், நாமக்கல் லாரியொன்றில் மகாராஷ்டிரத்துக்குச் சரக்கு அனுப்புகிறார் என்றால், தார்ப்பாய் கட்டி முடிவதற்குள் அவர் அரசாங்கத்தின் கணினியிடமிருந்து இரண்டு ஆவணங்களைப் பெற்றாக வேண்டியிருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரிகளுக்கு 2023 ஆகஸ்டு முதல் கட்டாயமாகிவிட்ட இ-இன்வாய்ஸ் ஒன்று. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லை கடப்பதற்கு 2018 ஏப்ரல் முதல் அவசியமான இ-வே பில் மற்றொன்று. இவ்விரண்டையும் கேட்பவர் உண்மையிலேயே அந்த வியாபாரிதானா, அல்லது அவர் பெயரில் போலி பில் போட்டு வரிச்சலுகையை அபகரிக்க நினைக்கும் வேறொருவரா என்பதை, அவர் முகத்தை ஒருநாளும் பார்த்திராத கணினி எவ்விதம் நிச்சயிக்கிறது என்பதுதான் நம் விஷயம்.

தமிழ்நாட்டில் 33 என்று தொடங்கும் பதினைந்து எழுத்து ஜி.எஸ்.டி. எண் இதற்கு ஒரு சிறிதும் பிரயோஜனப்படாது. ஒவ்வொரு பில்லிலும் அச்சாகி ஊரறிந்துவிட்ட எண் அது. பாஸ்வேர்டின் கதியோ அதைவிடப் பரிதாபம். முதலாளிக்குத் தெரிவதற்கு முன்பே கணக்குப்பிள்ளைக்கும் ஆடிட்டர் அலுவலகத்துப் பையனுக்கும் அது தெரிந்திருப்பது நம் கடைத்தெருவின் வழக்கம். ஆகவேதான் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, 2025 ஏப்ரல் முதல் வரிசெலுத்துவோர் எல்லோருக்கும், பாஸ்வேர்டோடு ஓ.டி.பி. என்னும் இரண்டாவது அத்தாட்சியும் வேண்டும் என்று விதி செய்தார்கள். அந்த எண் குறுஞ்செய்தியாக வரலாம். 'சந்தேஸ்' செயலியில் வரலாம். அல்லது தேசியத் தகவலியல் மையம் வெளியிட்டிருக்கும் 'என்.ஐ.சி. ஜி.எஸ்.டி. ஷீல்டு' என்னும் செயலியிலேயே பிறக்கலாம்.

விசித்திரமானது இந்த மூன்றாவது வழிதான். இணையமோ சிக்னலோ இல்லாத இடத்திலும் அந்தச் செயலி முப்பது விநாடிக்கொரு புதிய எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. எங்கோ இருக்கும் கணினியும் அதே எண்ணை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. இருவருக்கும் இடையே அந்த நேரத்தில் ஒரு வார்த்தைகூடப் பரிமாறப்படுவதில்லை. ஒரே பஞ்சாங்கத்தை வைத்திருக்கும் இரண்டு ஊர்ப் புரோகிதர்கள், ஒருவரையொருவர் கேளாமலே ஒரே திதியைச் சொல்வதைப் போன்ற காரியம் இது. உலகெங்கும் இத்தகைய செயலிகளுக்கு ஆதாரமாயிருக்கும் 2011-ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி, செயலியைப் பதிவு செய்யும்போதே ஒரு நீண்ட ரகசிய எண் இரு தரப்பிலும் தங்கிவிடுகிறது. 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை முப்பதால் வகுத்து வரும் எண்ணை அந்த ரகசியத்தோடு கலந்து, திரும்பப் பிரிக்கவியலாத ஒரு கணிதக் கடைசலில் இட்டால், இறுதியில் ஆறு இலக்கங்கள் வந்து விழுகின்றன. அவற்றைக் குருட்டாம்போக்கில் ஊகிக்க முயல்பவனுக்குப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அதுவும் அரை நிமிஷத்தில் காலாவதி. செயலியின் நேரம் இ-வே பில் தளத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே. கைபேசிக் கடிகாரம் சில நிமிஷங்கள் பிசகினால், யோக்கியமான வியாபாரியும் அந்நியனாகிவிடுவார்.

ஒருநாளைக்கு நூற்றுக்கணக்கில் பில் போடும் இடத்தில் மனிதன் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் எண்ணைத் தட்டிக்கொண்டிருக்க இயலாது. அங்கே பில் போடும் மென்பொருளே, நேரடியாகவோ 'ஜி.எஸ்.டி. சுவிதா புரொவைடர்' என்னும் இடைநிலை நிறுவனத்தின் வழியாகவோ, அரசின் கணினியோடு பேசுகிறது. மென்பொருளுக்கென்று ஓர் அடையாள எண்ணும் அதற்குரிய ரகசியமும் முன்பே வழங்கப்பட்டிருக்கும். அவற்றை முன்வைத்து, வியாபாரியின் பயனர்பெயரையும் பாஸ்வேர்டையும், தான் அந்த வேளைக்கென்று உண்டாக்கிய ஒரு தற்காலிகச் சாவியையும், அரசு பகிரங்கமாக வெளியிட்டிருக்கும் பொதுச் சாவியால் சங்கேதமாக்கி அது அனுப்புகிறது. பொதுச் சாவியால் மூடியதை அதன் இணையான அந்தரங்கச் சாவி மட்டுமே திறக்கும் என்னும் இந்த யுக்தியை 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்னும் மூவர் கண்டார்கள். விண்ணப்பம் சரியாயிருந்தால் ஆறு மணி நேரம் செல்லுபடியாகும் ஓர் அனுமதிச் சரமும், அதற்குப்பின் நடக்கும் பேச்சையெல்லாம் மறைத்துவைக்க, அந்தத் தற்காலிகச் சாவியால் பூட்டப்பட்ட ஒரு புதிய சாவியும் திரும்பி வருகின்றன.

கைபேசிச் செயலி எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. மென்பொருளுக்கு வழங்கப்பட்ட ரகசியத்தைச் செயலிக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டால், செயலியைத் தரவிறக்கிய எவனும் அதைப் பிரித்துப் பார்த்து அந்த ரகசியத்தைக் கைப்பற்றிவிடலாம். ஆகையால் விவரமறிந்தோர் அதைத் தம்முடைய சர்வரில் மட்டும் வைத்துக்கொண்டு, கைபேசியை அந்தச் சர்வரோடு மட்டுமே பேசவிடுவார்கள். செயலி வாங்கும் வியாபாரி விலையை விசாரிப்பதற்கு முன் இதை விசாரிப்பது உத்தமம்.

இவ்வளவு சோதனைக்குப் பிறகு கிடைக்கும் இ-இன்வாய்ஸில் 64 எழுத்துள்ள ஐ.ஆர்.என். என்னும் இன்வாய்ஸ் அடையாள எண்ணும், அரசின் அந்தரங்கச் சாவியால் கையொப்பமிடப்பட்ட கியூ.ஆர். கட்டமும் இருக்கும். வழியில் லாரியை நிறுத்தும் அதிகாரி அந்தக் கட்டத்தைச் சரிபார்ப்புச் செயலியில் படிக்கும்போது, அதிலுள்ள தொகையில் ஒரு பூஜ்யம் திருத்தப்பட்டிருந்தாலும் கையொப்பம் பொருந்தாமல் போய்விடும்.

என் அபிப்பிராயத்தில் இந்த ஏற்பாட்டின் கணிதம் மிக உறுதியானது. அதன் பலவீனமெல்லாம் மனிதர் கையில்தான் இருக்கிறது. எந்தக் கைபேசி என்பதைத்தான் கணினி அறியுமே அல்லாமல், அதை வைத்திருப்பவர் யார் என்பதை அது அறியாது. ஊழியர் ஒவ்வொருவருக்கும் அவரவர் கைபேசி எண்ணோடு தனித்தனி உப-பயனர் கணக்கு திறந்துகொடுக்க இ-வே பில் தளத்திலேயே வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், முதலாளியின் கைபேசியில் தோன்றும் ஆறு இலக்கங்களை, யார் போன் செய்து கேட்டாலும் வாசித்துக் காட்டாதீர்கள்.