வேன் திணறுகிறதா? த்ராட்டில் பாடியைக் கவனியுங்கள்!



நம்மில் பலரிடம் இன்று சொந்தமாக ஒரு பெட்ரோல் வேன் இருக்கிறது. மண்டியில் சரக்கு எடுக்கவும், லைன் கடைகளுக்குப் போடவும் அதுதான் நமக்குக் கையும் காலும். அது ஒரு நாள் நின்றால் சப்ளையும் நிற்கிறது, வசூலும் நிற்கிறது. நான் மெக்கானிக் அல்ல. பள்ளிப் படிப்போடு பருப்பு மூட்டைக்கு வந்தவன். ஆனாலும் எங்கள் கடை வேனில் வந்த ஒரு கோளாறு எனக்குக் கற்றுக்கொடுத்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதில் பணத்தை மட்டுமல்ல, ஒரு நல்ல மனிதரையும் இழக்கப் பார்த்தேன்.

நடந்தது இதுதான்

எங்கள் வேன் ஆக்ஸிலேட்டர் கேபிள் உள்ள பழைய மாடல். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, சில மாதங்களில் 11க்கு இறங்கிவிட்டது. எங்கள் ஓட்டுநர் ஒன்பது வருடமாக எங்களிடம் இருப்பவர். "முதலாளி, வண்டி நிற்கும்போது ரேஸ் ஆகுது, சில நேரம் திடீர்னு ஆஃப் ஆகுது, ஒரு தடவை பாருங்க" என்று இரண்டு முறை சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. பெட்ரோல் கணக்கை மட்டும் பார்த்தேன். ஒரு நாள் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, வாடிக்கையாளர்கள் நாலு பேர் முன்னால், "பெட்ரோல் எங்கே போகுது?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுவாரம் வேறு ஆள் ஓட்டினார். அருப்புக்கோட்டை லைனுக்குப் போன வண்டி, லாரி பின்னால் வந்துகொண்டிருந்த நேரத்தில் நடு ரோட்டில் ஆஃப் ஆகியது. நல்ல வேளை, விபத்து இல்லை. ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். பிளக் மாற்றினார்கள், பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள். பில் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. கோளாறு மட்டும் அப்படியே இருந்தது. பிறகு வயதான மெக்கானிக் ஒருவர் அரை மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார். கூடவே நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

த்ராட்டில் பாடி என்றால் என்ன?

ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குள் காற்று போகும் வழியில் இருக்கும் வாசல்தான் த்ராட்டில் பாடி. அலுமினியக் குழாய், அதன் நடுவே ஒரு வட்டத் தகடு, தகட்டைத் தாங்கும் ஒரு தண்டு. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தகடு திறக்கும், விட்டால் மூடும். பழைய கார்புரேட்டரில் காற்றும் பெட்ரோலும் ஒரே இடத்தில் கலந்தன. இதில் அப்படியில்லை. இந்த வாசல் காற்றை மட்டுமே விடுகிறது. எவ்வளவு காற்று வருகிறது என்று சென்சார்கள் சொல்ல, எஞ்சின் கம்ப்யூட்டர் அதற்கேற்றபடி இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலை அளந்து விடுகிறது. தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார் தண்டின் ஓரத்திலேயே இருக்கிறது. அது தப்பாகச் சொன்னால் கம்ப்யூட்டரும் தப்பாக அளக்கும். நம் கடைத் தராசு மாதிரிதான்.

என்னென்ன அறிகுறிகள்?

1. ஐடிலிங் ஏறி இறங்கும், அல்லது தேவைக்கு மேல் ரேஸ் ஆகும்.
2. வேகம் குறைத்து நிறுத்தப் போகும்போது எஞ்சின் ஆஃப் ஆகும். ஏ.சி. போட்டால் இன்னும் அதிகம்.
3. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஒரு கணம் திக்கிவிட்டுப் பிறகு இழுக்கும்.
4. மைலேஜ் குறையும். செக் எஞ்சின் விளக்கு எரியும்.
5. மிதி ஒட்டிக்கொண்டு திரும்ப மறுக்கும். இது ஆபத்து. வண்டியை அப்போதே ஓரங்கட்ட வேண்டும்.

இதே அறிகுறிகள் வேறு காரணத்தாலும் வரும் என்பதை மறக்கக் கூடாது. அடைத்த ஏர் ஃபில்டர், வெடித்த வாக்குவம் ஹோஸ், தேய்ந்த பிளக், பலவீனமான பெட்ரோல் பம்ப், வோல்டேஜ் குறைந்த பேட்டரி எல்லாமே இப்படித்தான் காட்டும். அதனால்தான் ஊகத்தில் சாமான் மாற்றக் கூடாது.

சோதிக்கும் வரிசை

செலவில்லாததில் தொடங்கி, செலவுள்ளதற்குப் போக வேண்டும்.

முதலில் கண்ணால் பாருங்கள். ஏர் ஃபில்டர், ஹோஸ்கள், வயர் கனெக்டர் கிளிப், கேபிளின் தொய்வு. பாதி நோய் இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து ஸ்கேனர் போடச் சொல்லி, வரும் எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். பி-0121, பி-0122, பி-0123 என்றால் தகட்டு சென்சார் பக்கம் புகார். பி-0506 ஐடிலிங் குறைவு, பி-0507 ஐடிலிங் அதிகம். எண் என்பது புகார்தான், தீர்ப்பு அல்ல. வயர் அறுந்திருந்தாலும் சென்சார் எண்தான் வரும்.

மூன்றாவது சுத்தம். எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய்ப் புகையும், ஃபில்டரைத் தாண்டும் தூசியும் சேர்ந்து தகட்டின் விளிம்பில் கரியாகப் படிகிறது. தகடு மூடியிருக்கும்போது காற்று போகும் சிறு இடைவெளியை அது அடைக்கிறது. பல வண்டிகளுக்கு இதைத் துடைத்தாலே போதும். சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஆறிய பிறகு, த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் தெளித்து மெதுவாகத் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. சென்சார்மேல் நேராக அடிக்கக் கூடாது. அது தீப்பற்றும் திரவம், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

நான்காவது மல்டிமீட்டர். கேபிள் வண்டியில், கனெக்டர் மாட்டியபடியே, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, சென்சாரின் சிக்னல் வயரில் அளக்க வேண்டும். தகடு மூடியிருக்கும்போது பொதுவாக அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட்டுக்குள் காட்டும். முழுக்கத் திறந்தால் நாலு வோல்ட், அல்லது அதற்குச் சற்று மேல். மெதுவாகத் திறக்கும்போது ஏணிப்படி போலன்றி, சீராக ஏற வேண்டும். நடுவில் விழுந்து எழுந்தால் சென்சார் தேய்ந்துவிட்டது.

எங்கள் வேனில் கால்வாசி மிதியில் வோல்ட் விழுந்து விழுந்து எழுந்தது. தண்டைப் பிடித்து ஆட்டினால் மேலும் கீழும் ஆடியது. அந்தத் தேய்ந்த துளை வழியே கூடுதல் காற்று உள்ளே போக, அதற்கேற்ற பெட்ரோலையும் கம்ப்யூட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. கடை கடையாக எஞ்சினை ஓடவிட்டு மூட்டை இறக்கும் நேரமெல்லாம் வீண் ரேஸ். பெட்ரோல் போன வழி அதுதான்.

எப்போது மாற்றுவது?

கரி மட்டும் என்றால் சுத்தம் போதும். சென்சார் மட்டும் தனியாகக் கிடைக்கும் மாடல் என்றால் சென்சாரை மாற்றலாம். தண்டு ஆடினாலோ, தகடு உரசினாலோ, உள்ளேயுள்ள மோட்டார் கெட்டாலோ முழுதாகத்தான் மாற்ற வேண்டும். பழையதன் மேலுள்ள பார்ட் நம்பரைப் பார்த்து அதே நம்பர் வாங்குங்கள். கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். சில மாடல்களில் ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸும் இதில் வரும், சூடாக இருக்கும்போது கழற்றினால் கை வெந்துவிடும். போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, அளவோடு முறுக்க வேண்டும். அலுமினிய மரை சீக்கிரம் வழுக்கிவிடும்.

மாற்றிய பிறகு புதிய தகட்டின் நிலையைக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும். சில வண்டிகளில் சாவியை ஆன் செய்து சற்றுக் காத்திருந்தால் போதும், சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, புதிய சாமானையே குறை சொல்பவர்கள் உண்டு.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6 விதி வந்த பிறகு வாங்கிய வேன் என்றால் பெரும்பாலும் கேபிள் இருக்காது. மிதியில் சென்சார், தகட்டில் மோட்டார். தகட்டுக்கு இரண்டு சென்சார்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு கணக்குச் சொன்னால் பி-2135 என்ற எண் வரும், வண்டியும் ஊர்ந்துதான் போகும். அது நம்மைக் காப்பாற்றத்தான். இந்த வகையில் சாவி ஆனில் இருக்கும்போது தகட்டுக்குள் விரல் விடவே கூடாது. மோட்டார் சட்டென்று மூடினால் விரல் நசுங்கும்.

பில் விஷயம்

மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு வரி 18 சதவீதம். உங்கள் வேன் சரக்கு வாகனமாகப் பதிவாகி, கடை வியாபாரத்துக்கு ஓடினால், பழுதுபார்த்த செலவிலுள்ள வரியை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது.

கடைசியாக

வண்டி சரியான அன்று மாலையே ஓட்டுநர் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்மேல்தான்" என்றேன். அவர் மனைவி காபி கொடுத்தார், அவர் மட்டும் பேசவில்லை. மறுநாள் காலை கடைக்கு வந்தார். அன்று பேசியது நாலு பேர் முன்னால் என்பதால், இதையும் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். வண்டி இப்போது மறுபடி 14 கொடுக்கிறது.

மூட்டையில் எடை குறைந்தால் முதலில் தராசைச் சோதிக்கிறோம், பிறகுதான் அனுப்பியவரைக் கேட்கிறோம். நம்மிடம் வேலை செய்பவருக்கும் அந்த நியாயம் வேண்டும். ஓட்டுநர் "வண்டி சரியில்லை" என்று சொன்னால், அன்றே ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.