ஏட்டை எழுதிய கை யாருடையது?

பரீட்சை முடிந்தபின் பெயர் எழுதாத விடைத்தாள் ஒன்று மேசைமேற் கிடக்கிறது. திருநெல்வேலியிலோ கோண்டாவிலிலோ நெடுநாள் படிப்பித்த ஆசிரியர் அதனைக் கண்டு கலங்கமாட்டார். “இஃது இன்னாருடைய எழுத்து” என்று உடனே கூறிவிடுவார். எங்ஙனம் அறிந்தீர் என்று வினவினாற்றான் சற்றுத் தடுமாறுவார். ழகரத்தின் வால் நீண்டிருக்கிறது என்பார். ணகரத்தின் சுழிகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன என்பார். கண் கண்டதை இவ்வாறு சொல்லாக்கி, பிறரும் ஒப்புநோக்கத்தக்க சான்றாக நிறுத்துவதே கையெழுத்தாராய்ச்சி.

இவ்வாராய்ச்சிக்கு யாழ்ப்பாணத்திற் பெருந்தேவை உண்டு. வாகடம், சோதிடம், புராணம் ஆகியன இங்கே பனையோலையில் எழுதிக் காக்கப்பட்டவை. படியெடுத்து முடித்தவர், இன்ன வருடம் இன்ன மாதம் இன்னார் எழுதியது என்று இறுதி ஏட்டிற் குறிப்பது வழக்கம். கட்டின் ஓரத்தில் இருப்பதால் அவ்வேடே பெரும்பாலும் முதலில் முறியும். நூல் மிஞ்சும், எழுதியவர் பெயர் போய்விடும். அதன்பின் பேசவேண்டியவை எழுத்துக்களே.

ஆனால் ஏட்டெழுத்து எளிதிற் பேசுவதன்று. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. எகர ஏகாரங்கள் ஒரே வடிவில் நிற்கும். ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். வாகட ஏட்டிற் ‘காடி’ என்று இருப்பதைக் ‘கரடி’ என்று வாசித்த மருத்துவரின் பாடு யாதாகும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்! சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் (1832–1901), தமிழகத்து உ. வே. சாமிநாதையரும் (1855–1942) பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியபோது இவ்விடர்களோடு ஓயாது போராடினர்.

இவை எல்லார்க்கும் பொதுவான வழக்கங்கள். ஆதலால் ஒருவரைப் பிரித்துக் காட்டமாட்டா. எனினும் காலத்தைக் குறிக்க ஓரளவு உதவும். நெடிலுக்குச் சுழித்த கொம்பை வகுத்தவர் வீரமாமுனிவர் (1680–1747). அக்கொம்பு ஓர் ஏட்டிற் காணப்படின், அவ்வேடு அவர் காலத்துக்கு முற்பட்டதன்று எனலாம். காணப்படாவிடின் பழையது என்று துணிதல் தவறு. அவருக்குப் பின்னும் பலர் பழைய வழக்கத்திலேயே எழுதிவந்தனர்.

எழுதியவரைத் தனியே இனங்காட்டுவன, அவர் கருத்தின்றிச் செய்தவையே. அழகுபட வரைந்த முதல் ஏட்டைக் காட்டிலும், கை சோர்ந்த நாற்பதாம் ஏடு மிகுதியாக உண்மை சொல்லும். ககரத்தின் குறுக்குக்கோடு எவ்விடத்தில் வெட்டுகிறது, னகரத்தின் கடைக்கோடு நேராக இறங்குகிறதா உள்ளே வளைகிறதா, கயிற்றுத் துளையை அணுகும்போது எழுத்து ஒடுங்குகிறதா, இடப்பக்க ஓரத்து ஏட்டெண் எவ்வாறு வரையப்பட்டது, வருடம் மாதம் தேதி ஆகியவற்றின் குறியீடுகள் எவ்வாறு சுழிக்கப்பட்டன என்பவற்றை எல்லாம் நோக்கவேண்டும். பிழைகளும் சான்றே. ரகர றகரங்களை ஒரே முறையில் மாற்றி எழுதுபவர் எந்நூலை எழுதினும் அவ்வாறே எழுதுவார்.

ஓர் எச்சரிக்கை இங்கே வேண்டும். ஒரே சட்டம்பியாரிடம் மணலில் எழுதிப் பழகிய பத்து மாணாக்கரின் எழுத்தும் ஒரு சாயலாகவே இருக்கும். எழுத்தாணி மழுங்கினாலோ முதுமை வந்தாலோ ஒருவருடைய எழுத்தே இருவருடையது போலத் தோன்றும். ஓர் எழுத்தின் வடிவத்தை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுபவர் பெரும்பாலும் ஏமாறுவார்.

ஆங்கில நாட்டில் நிகழ்ந்த வழக்கு ஒன்று இதனை நன்கு விளக்கும். கவிஞர் சாசர் இயற்றிய காண்டர்பரிக் கதைகளின் மிகப் பழைய பிரதிகளில் இரண்டு, ஒரே கையால் எழுதப்பட்டவை. டொய்ல், பார்க்ஸ் என்னும் அறிஞர் இருவர் அக்கைக்குரியவரைப் பெயரிடாது ‘எழுத்தாளர் பி’ என்று 1978இற் குறித்தனர். 2004இல் லின் மூனி என்பார், இலண்டன் எழுத்தர் சங்கத்தின் பழம் பதிவேட்டில் ஆடம் பிங்க்ஹெர்ஸ்ட் என்பவர் எழுதிய உறுதிமொழியைக் கண்டார். அதன் எழுத்து வடிவங்களையும் அலங்காரக் கோடுகளையும் ஒப்பிட்டு, அவரே அந்த எழுத்தாளர் என்று அறிவித்தார். ஆடம் என்னும் படியெழுத்தரைக் கடிந்து சாசர் பெயரால் ஒரு சிறு கவிதையும் வழங்குவதால் உலகம் மகிழ்ந்தது. எனினும் அவ்வடிவங்கள் அக்கால எழுத்தர் பலர்க்கும் பொதுவானவை என்று சிலர் மறுத்தனர்; 2018இல் லாரன்ஸ் வார்னர் தமது நூலில் அம்முடிவை வன்மையாக எதிர்த்தார். இரு பிரதிகளும் ஒரு கையின என்பது ஒரு வினா. அக்கைக்குரியவர் பெயர் யாது என்பது வேறொரு வினா. முன்னதற்கு எழுத்துக்கள் போதும். பின்னதற்குப் பெயரோடு கூடிய ஓர் எழுத்துத் துண்டு இன்றியமையாதது.

அத்துண்டுதான் யாழ்ப்பாணத்தில் அரிதாகிவிட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. எஞ்சியவற்றுட் பல வீட்டுப் பெட்டகங்களிலும் பரணிலும் இருப்பவை. வீடு துப்புரவாக்குவோர், பாட்டு ஒன்றும் இல்லாமல் ஒரு தேதியும் ஓர் ஊர்ப்பெயரும் ஓர் ஆட்பெயரும் மட்டும் கொண்ட முறிந்த ஏட்டைப் பயனற்றது என்று அடுப்பில் இடுகின்றனர். பெயர் தெரியாத பல கட்டுக்களை எழுதிய கை யாருடையது என்று கூறவல்லது அந்த ஓர் ஏடே.