கணக்கில் வராத காற்று

சிக்னலில் கார் நிற்கிறது. ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை. ஆனாலும் ஆர்.பி.எம். முள் ஏறி ஏறி இறங்குகிறது, ‘செக் எஞ்சின்’ விளக்கும் எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினால் பி0171 என்று வருகிறது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அதற்குப் பொருள். பல இடங்களில் உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். கோளாறைச் சரியாகச் சொன்ன சென்சார்தான் குப்பைக்குப் போகிறது. கோளாறு அப்படியே இருக்கிறது.

1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். உள்ளே போகும் காற்றை ஏர்ஃப்ளோ சென்சார் அளந்து சொல்ல, அதற்கேற்ற பெட்ரோலை எஞ்சினின் கணினியான இ.சி.யூ. தெளிக்க வைக்கிறது. ஐடிலிங்கில் இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சல் பலமாக இருக்கும். நல்ல எஞ்சினில் வேக்யூம் கேஜ் 17 முதல் 21 அங்குல பாதரசம் வரை காட்டும். சென்சாருக்கு அப்பால் ஒரு மெல்லிய வெடிப்பு இருந்தால் போதும், அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். ஏர்ஃப்ளோ சென்சாருக்குப் பதிலாக, மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பி ஓடும் கார்களில் பெரும்பாலும் ஐடிலிங் வேகம்தான் கூடும்.

பி.எம்.டபிள்யூ இ46 கார்கள் இத்தகைய காற்றுக் கசிவுக்குப் பேர்போனவை. ஏர்ஃப்ளோ சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயின் மடிப்புகள், வயதாக ஆக, அடிப்பக்கத்தில் வெடிக்கும். மேலிருந்து பார்த்தால் குழாய் புதிது போலவே தெரியும். கழற்றி வளைத்துப் பார்த்தால்தான் மடிப்புக்குள் வெடிப்பு வாய் திறக்கும்.

கசிவைத் தேடத் தொடங்கும் முன் ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம்மை, அதாவது இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவை, பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் +20 சதவீதம் காட்டி, 2,500 ஆர்.பி.எம்.மில் சாதாரண நிலைக்கு இறங்கினால் காற்றுக் கசிவு என்று சந்தேகிக்கலாம். வேகம் கூடக் கூட எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

அடுத்து காது. ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துத் தேடலாம். பி.சி.வி. ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங் ஆகியவை வழக்கமான இடங்கள். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பது பழைய முறை. சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கலாம், தவிர்ப்பதே நல்லது.

நம்பகமானது ஸ்மோக் டெஸ்ட். எஞ்சினை அணைத்துவிட்டு, மிகக் குறைந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் புகையை இன்டேக்கில் செலுத்துவார்கள். புகை கசியும் இடமே காற்று நுழையும் இடம்.

அடுத்த முறை ‘சென்சாரை மாத்தணும் சார்’ என்று மெக்கானிக் சொன்னால், முதலில் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பிரேக் பெடல் கல்லாக இறுகியிருந்தால் மட்டும் காரை ஓட்டாதீர்கள். கசிவு பூஸ்டர் ஹோஸிலும் இருக்கலாம்.