ஓர் ஆண்டின் வரவும் செலவும்

ஆண்டு முடியும் வேளையில், கடந்துபோன நிகழ்ச்சிகளைத் தொகுத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். ஆனால் எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்பது எளிய வினா அன்று. 1983ஆம் ஆண்டைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

அவ்வாண்டில்தான் நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்தேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், 'இவ்வாண்டு இந்தியா' என்னும் தலைப்பில் ஒரு பட்டியல் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினேன்.

முதலிடம் கிரிக்கெட்டுக்கு. ஜூன் 25ஆம் நாள் இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில், கபில்தேவ் தலைமையில் ஆடிய நம் குழு 183 ஓட்டங்களே எடுத்தது. முந்தைய இரு முறையும் உலகக் கோப்பையை வென்றிருந்த மேற்கிந்தியத் தீவினரோ 140 ஓட்டங்களில் ஆட்டமிழந்தனர். அடுத்தது திரைப்படம். 'காந்தி' எட்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அதன் உடையமைப்புக்கான விருதைப் பகிர்ந்துகொண்ட பானு அதையா, ஆஸ்கர் பெற்ற முதல் இந்தியரானார். இறுதியில், ஆகஸ்டு 30இல் விண்ணில் ஏவப்பட்ட இன்சாட்-1பி செயற்கைக்கோளை ஒரே வரியில் குறித்திருந்தேன்.

பட்டியலைப் படித்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அஸ்ஸாமில் பலர் மாண்டதாகச் செய்தித்தாளில் பார்த்தோமே, அது இவ்வாண்டு இல்லையா?" என்று கேட்டான்.

நான் வாயடைத்து நின்றேன். பிப்ரவரி 18ஆம் நாள், தேர்தலையொட்டி மூண்ட கலவரத்தில், நெல்லியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவருள் பெண்களும் குழந்தைகளும் மிகப் பலர். அதனை நான் மறந்தேன் அல்லேன். பட்டியலின் களிப்புக் குன்றுமே என்று விட்டுவிட்டேன்.

வெற்றிச் செய்தி தானே பரவும். அதற்கு நம் துணை வேண்டுவதில்லை. சில நிகழ்ச்சிகளின் பயனோ மெல்லத்தான் விளங்கும். நான் ஒரே வரியில் முடித்த அச்செயற்கைக்கோள், தொலைக்காட்சி நாடெங்கும் பரவவும், புயலின் போக்கை வானிலை அறிஞர் கண்டுணரவும் உதவியது. துயரச் செய்தியோ, எவரேனும் எழுதி வைத்தாலன்றி மறைந்தே போகும். மாண்டவர்க்கு நாம் செய்யக்கூடியது அந்த ஒரு வரியே என்றால், அதையும் மறுப்பது முறையாகுமா?

அன்றே அவ்வரியை அம்மாணவன் கையாலேயே எழுதச் செய்தேன். அதன்பின், தலைமையாசிரியனாக ஓய்வு பெறும் வரையில், ஆண்டுதோறும் பட்டியலை மாணவரிடம் காட்டி, "எதை விட்டுவிட்டேன்?" என்று கேட்பது என் வழக்கமாயிற்று. உங்கள் இல்லத்துப் பிள்ளைகளிடமும் இவ்வாண்டு அவ்வினாவைக் கேட்டுப் பாருங்கள்.